ஷிபுவுக்கு அடுத்து என் பெயர்

ஜெப்சி டாக்டர் பட்டம் வாங்கியதைப் பற்றி இரணியல் வட்டாரத்தில் நாலு விதமாகப் பேசுகிறார்கள். நான்தான் படிக்க வைத்தேன் என்று சிலர். நான் தடுத்துப் பார்த்தேன் என்று சிலர். காசு கொடுத்து வாங்கினது என்று இரண்டு பேர் சொல்லித் திரிகிறார்கள், அந்த இரண்டு பேர் யார் என்பதும் எனக்குத் தெரியும். வைவா என்கிற வாய்மொழிப் பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போது நான் கரண்டைப் பிடுங்கிவிட்டேன் என்பது நாலாவது கதை. அதில் மட்டும் உண்மை உண்டு. அதனால் நானே எழுதுகிறேன்.

நான் சத்தியராஜ், ஜெப்சியின் வீட்டுக்காரன். மைக் செட், சீரியல் லைட், ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிற தொழில். படிப்பு ஏழாம் வகுப்போடு சரி.

ஜெப்சி கீரிப்பாறைக்காரி. அவள் அப்பா அரசு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். விடிந்ததும் எஸ்டேட் பஸ்ஸைப் பிடித்து நாகர்கோவில் போய் பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள் அவள். பஸ்ஸில் இடம் கிடைத்தால் உட்கார்ந்து வாசிப்பாள், கிடைக்காவிட்டால் கம்பியில் சாய்ந்து வாசிப்பாள். அந்த ரோட்டு வளைவுகளில் மற்றவர்கள் வாந்தியெடுப்பார்கள்.

அவர்கள் சபையில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்துக்கு நான் மைக் செட் போடப் போயிருந்தேன். ஜெப்சி வேத பாடம் வாசிக்க வந்தாள். ஆயிரம் பேர் பேசக் கேட்டவன் நான். ஒருவர் மைக்குக்கு வந்தால் கத்துவார், ஒருவர் முழுங்குவார், நான் ஆம்ப்ளிஃபயரில் திருகைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவள் வாசித்து முடிக்கிற வரைக்கும் எந்தத் திருகையும் தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். அடுத்த வருடம் அவளையே கட்டினேன். அதற்கு முன்னும் பின்னும் நான் செய்த பெரிய காரியம் என்று வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

தக்கலைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் அவளுக்கு டீச்சர் வேலை கிடைத்தது. மகள் அஜிஷா பிறந்தாள். 2004-ல் ஜெப்சி தபால் வழியில் எம்.ஏ. சேர்ந்தாள், முடித்தாள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் பெயருக்குப் பின்னால் படிப்பைப் போடாமல் விடமாட்டார்கள். என் பெயர் மொட்டையாக நிற்கும், அடுத்து ஜெப்சியின் பெயர் எம்.ஏ., பி.எட். என்று வால் வைத்துக்கொண்டு நிற்கும். அந்த வாலைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

2009-ல் வீட்டுக்கு நெட் லைன் இழுத்தாள். பழைய லேப்டாப் ஒன்று வாங்கினாள். இங்கிலாந்தில் ஒரு யுனிவர்சிட்டியில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். அங்கே போக வேண்டாமாம், எல்லாம் ஆன்லைனாம். இங்கிலீஷ் இலக்கியத்தில் டாக்டர் பட்டம்.

“செரி, படி,” என்றேன். “நல்லதுதானே.”

அது பெரிய முட்டாள்தனம் என்று முதல் சனிக்கிழமையே தெரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு அவளுடைய புரொபசர் லேப்டாப்பில் வருவார். அந்தச் சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. அடுத்த அறையில் ஒரு ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு குரல் வந்தது. அந்த லேப்டாப்பின் ஸ்பீக்கர் கால் காசு பெறாது. அதில்கூட அந்தக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி ஆழமாக, அவசரம் இல்லாமல் வந்தது. எனக்கு வார்த்தை ஒன்றும் புரியவில்லை. ஆனால் பேச்சை முடித்துவிட்டு அந்த ஆள் பேசாமல் இருந்ததுதான் என்னை என்னவோ செய்தது. அவள் பதில் யோசிக்கிறாள், அவர் காத்திருக்கிறார். அரை நிமிஷம். எங்கள் மேடைகளில் அரை நிமிஷம் சும்மா இருந்தால் மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள்.

பிறகு ஜெப்சி பதில் சொல்லத் தொடங்கினாள். “பிரெண்டன்,” என்று ஆரம்பித்தாள்.

அன்றைக்கு அவளிடம் கேட்டேன். “பிரெண்டன்னா என்ன அர்த்தம்?”

“அர்த்தமா? அவருக்க பேரு.”

“வாத்தியார பேரு சொல்லியா கூப்பிடுக?”

“அங்க அப்படித்தான். சார்னு சொன்னா அவருக்குப் பிடிக்காது.”

கல்யாணமாகி அத்தனை வருடத்தில் ஜெப்சி என் பெயரைச் சொன்னதில்லை. ‘இஞ்ச பாருங்க’ என்பாள், ‘அஜிஷாக்க அப்பா’ என்பாள். ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் கேட்டால் கார்டை நீட்டுவாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் எல்லாரும் அப்படித்தான், நானும் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை. இப்போது ஒரு வெள்ளைக்காரனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அந்தப் பெயரை என்ன அழகாகச் சொல்கிறாள்!

அதிலிருந்து சனிக்கிழமை வேலைகளை நான் குறைத்தேன். அடுத்த அறையில் ஏதாவது ஒரு பெட்டியைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருப்பேன். கழற்றியதையே திரும்பக் கழற்றுவேன். அஜிஷாவுக்கு அப்போது பத்து வயது. அவளுக்கே தெரிந்துவிட்டது.

“அப்பா, அந்த ஆளுக்கு எழுவது வயசு. வந்து பாருங்க, தலையில முடியே கெடையாது.”

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். வழுக்கைத் தலை, சாம்பல் நிற ஸ்வெட்டர், பின்னால் சுவர் நிறையப் புத்தகம். இளந்தாரியாக இருந்திருந்தால் நேரே போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இந்தக் கிழவனிடம் என்னத்தைக் கேட்க? எரிச்சல் இரண்டு மடங்கானது.

அவள் என்ன படித்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். நூற்றைம்பது வருடத்துக்கு முன்பு நம் பக்கத்து மிஷன் பங்களாக்களில் இருந்த வெள்ளைக்காரப் பெண்கள், ஊரில் இருக்கும் அக்கா தங்கைகளுக்கு எழுதின கடிதங்கள். மழை நிற்கவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல், தையற்காரன் பாவாடையைக் கெடுத்துவிட்டான் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்களாம். ஆரம்பத்தில் ஒருநாள் ஜெப்சி அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தாள். நான் ஒரு வயரைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தேன்.

“இஞ்ச கேளுங்க. இவ பெத்த பிள்ள செத்து நாலாவது நாளு. அக்காளுக்கு எழுதுகா. பிள்ளையப் பத்தி ஒரு வார்த்த இல்ல. கடுதாசி முழுக்க வீட்டுக் கூரையில ஒழுகுகதப் பத்தியாக்கும். எந்த மூலையில எத்தன சொட்டுன்னு...”

“செத்துப்போனவளுக்க கடுதாசிய வாசிச்சு நமக்கு என்ன கிடைக்க?” என்றேன். “அந்த ஈயக் கம்பிய எடு.”

எடுத்துக் கொடுத்தாள். போய்விட்டாள். அதற்குப் பிறகு எந்தக் கடிதத்தையும் என்னிடம் கொண்டு வரவில்லை. அந்தச் சனிக்கிழமை அதே கூரைக் கதையை அவள் இங்கிலீஷில் சொல்வது எனக்குக் கேட்டது. கூரை என்று எப்படித் தெரிந்தது என்றால், குரல் அதே மாதிரி இறங்கியது. அந்தக் கிழவன் ஒன்றும் பேசவில்லை. வெகுநேரம் கழித்து ஒரே ஒரு வார்த்தை சொன்னான். ஜெப்சி மூக்கை உறிஞ்சினாள்.

எங்கள் தெருவில் மின்வெட்டு வந்த சனிக்கிழமைகளில் அந்தப் பேச்சு நடக்காது. லேப்டாப்பில் பேட்டரி செத்துப்போயிருந்தது, பிளக்கில் சொருகினால்தான் உயிர். வீட்டில் இன்வெர்ட்டரும் கிடையாது. ஜெனரேட்டர் வாடகைக்குக் கொடுக்கிறவன் வீட்டுக்கு இன்வெர்ட்டர் எதற்கு என்று நான் வாங்கவில்லை. ஜெனரேட்டர்கள் வாடகைக்குப் போயிருக்கும். அந்த மாதிரிச் சனிக்கிழமைகளில் எனக்கு நன்றாகப் பசிக்கும்.

மூன்றாவது வருடம் என் கைக்கு ஒரு ஆயுதம் கிடைத்தது. எங்கள் சபைக் கணக்கர் ஞானதாசன் விவரம் தெரிந்தவர். “ஆன்லைன்ல வாங்குக டாக்டர் பட்டத்த வச்சு இங்க காலேஜ்ல வேலைக்குப் போக முடியாதுடே. சொல்லிரு, டீச்சர் ஏமாந்து போவா,” என்றார். இரண்டு வாரம் அதை மனதுக்குள் வைத்துத் திரிந்தேன். நல்ல சமயம் பார்த்து எடுக்க வேண்டும் என்று. ஒருநாள் மத்தியானம் மரவள்ளிக் கிழங்கும் மீன்கறியும் வைத்தாள். அப்போது எடுத்தேன்.

“ஏட்டி, இந்தப் படிப்பு இங்க செல்லாதாமே?”

“ஆரு சொன்னா?”

“ஞானதாசன்.”

“செரிதான். சேரும்போதே எனக்குத் தெரியும்.” அவள் எனக்கு இன்னும் கொஞ்சம் கறி ஊற்றினாள்.

“தெரியுமா? பின்ன என்னத்துக்கு மூணு வருசமா இருந்து பேசுதே?”

“நான் ஒரு காரியம் சொன்னா, அடுத்த சனிக்கெழம அத ஞாபகம் வச்சு, பின்ன அதுக்கு மேல ஒண்ணு கேக்காரு. அதுக்காக்கும்.”

வேலைக்கு என்று சொல்லியிருந்தால் எனக்குப் பாதி நிம்மதி கிடைத்திருக்கும். சம்பளத்துக்கு என்று சொல்லியிருந்தால் முழு நிம்மதி. கிழங்கைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவினேன்.

2013-ல் எழுதி முடித்தாள். கடைசியில் வைவா என்று ஒன்று உண்டு. பிரெண்டனும் இன்னும் இரண்டு பேரும் லேப்டாப்பில் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். அதில் நின்றால்தான் பட்டம், விழுந்தால் நாலு வருடமும் போச்சு. ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம் இரண்டரை. அந்த வருடம் கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று ஆண்டவருக்குத்தான் தெரியும்.

“அன்னைக்கு சின்ன ஜெனரேட்டர் வீட்டுல நிக்கணும்,” என்றாள். நாலு வருடத்தில் இந்தப் படிப்புக்காக என்னிடம் கேட்ட ஒரே உதவி அது.

“அன்னைக்குத் திற்பரப்புல ஒரு பால்காய்ப்பு இருக்கு,” என்றேன். “ரெண்டு ஜெனரேட்டரும் அங்க போவுது.”

பொய் இல்லை. புது வீட்டுப் பால்காய்ப்பு ஒன்று இருந்தது. ஆனால் அந்த வீட்டுக்கு ஒரு ஜெனரேட்டரே தாராளம்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “செரி,” என்றாள். சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது, அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை திற்பரப்பில் வாசலுக்கு சீரியல் லைட் கட்டி, ஸ்பீக்கர் பெட்டி வைத்து, பாட்டும் போட்டாயிற்று. மணி ஒன்றரை. போன் அடித்தது.

“அண்ணே, ஷிபுவாக்கும்.”

அழகியமண்டபத்து ஷிபு. அவனும் மைக் செட், அவனும் ஜெனரேட்டர். பத்து வருடமாக என் ஆர்டர்களைக் குறைந்த ரேட் சொல்லிப் பிடிக்கிறவன். எனக்கு அவன் போன் பண்ணியதே இல்லை.

“சொல்லுலே.”

“ஒங்க வீட்டுல மெயின் போர்டு எங்க இருக்கு? டீச்சருக்கு அது தெரியல்ல.”

“எனக்க வீட்டுல ஒனக்கு என்னலே சோலி?”

“டீச்சர் ஜெனரேட்டர் கேட்டிருந்தா. பன்னெண்டு மணிக்கே வந்துட்டேன். இஞ்ச கரண்டும் போச்சு. போர்டு எங்கன்னு மட்டும் சொல்லுங்க, பாக்கிய நான் பாத்துக்கிடுகேன்.”

மைக் செட் சத்தியராஜ் வீட்டு வாசலில் ஷிபுவின் ஜெனரேட்டர்! ஊர் முழுக்கப் பார்க்கும்படி! என்னுடன் வேலைக்கு வரும் கிருஷ்ணமணியிடம் பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சின்ன ஜெனரேட்டரைக் குட்டி யானை வண்டியில் ஏற்றினேன்.

“அண்ணே, எங்க போறிய? இஞ்ச கரண்டு போனா?” என்றான் கிருஷ்ணமணி.

“பெரிசு நிக்குல்லா? அத ஓட்டு. ஒண்ணு போதும்.”

“போதும்னா பின்ன ரெண்டு எதுக்கு ஏத்தீட்டு வந்தோம்?”

நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வரும்போது இரண்டே முக்கால். வைவா தொடங்கிவிட்டது. ஷிபுவின் பழைய டீசல் ஜெனரேட்டர் ஜன்னலுக்கு நேர் கீழே நின்று குதித்துக்கொண்டிருந்தது. அவனிடம் வயர் நீளம் போதாது, அதனால் அங்கே வைத்திருக்கிறான். சத்தம் அப்படியே ஜன்னல் வழியாக உள்ளே போகிறது. வோல்டேஜும் நிற்கவில்லை. உள்ளே ஃபேன் வேகமாகச் சுற்றுகிறது, தூங்குகிறது, திரும்ப வேகமாகச் சுற்றுகிறது.

ஜன்னல் பக்கம் போய் நின்றேன். ஜெப்சி பிரார்த்தனைக்கு உடுத்துகிற வெள்ளைச் சேலை உடுத்தி, முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். அவள் பேசினாள். லேப்டாப்பில் புதிதாக ஒரு பெண்ணின் குரல், “சாரி?” என்றது. ஜெப்சி கொஞ்சம் உரக்கச் சொன்னாள். பெண் குரல் திரும்ப, “சாரி?” என்றது. மூன்றாவது தடவை ஜெப்சி கத்தினாள். கத்தும்போது அவள் குரல் தகரமாகிவிட்டது. கீரிப்பாறையில் நான் கேட்ட குரலை இந்த ஷிபு தகரமாக்கி இங்கிலாந்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறான்.

“ஏலே, இதத் தள்ளி வையி.”

“வயர் எட்டாதுண்ணே.”

“வோல்டேஜ் ஆடுகது தெரியல்லியா ஒனக்கு?”

“தெரியுது. டீச்சர் நிறுத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கா. பாதியில கை வைக்காதீங்க அண்ணே, பாவம்.”

என் மனைவிக்குப் பாவம் பார்க்க ஷிபு! நான் வயரைப் பிடுங்கினேன்.

ஃபேன் நின்றது. உள்ளே பாதி வார்த்தையில் ஒரு குரல் அறுந்தது. அதுவரை இருந்த பெகளம் எல்லாம் அடங்கி, பக்கத்து வீட்டுக் கோழி கேறுவது கேட்டது.

ஜெப்சி வாசற்படிக்கு வந்தாள். என் கையில் வயர். அவள் கண் முதலில் வயரைப் பார்த்தது, பிறகு என்னை.

“பிடுங்கீட்டீங்களா?” என்றாள். சத்தம் போடாமல்தான் கேட்டாள். “நாலு வருசமா இதுக்குத்தான் அடுத்த ரூம்ல காத்து இருந்தீங்களா?”

ஷிபு தரையைப் பார்த்தான்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ‘இல்லை’ என்று முழுதாகச் சொல்ல முடியவில்லை. அந்த வயரைப் பிடுங்கின நொடியில் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அது வோல்டேஜுக்காக வந்த சந்தோஷம் இல்லை.

“அஞ்சு நிமிசம் தா,” என்றேன்.

சின்ன ஜெனரேட்டரைக் குட்டி யானையிலிருந்து இறக்க ஷிபுதான் ஒரு பக்கம் பிடித்தான். வீட்டுக்குப் பின்னால், கிணற்றுக்கும் அந்தப் பக்கம், தென்னை மூட்டில் வைத்தோம். என்னிடம் நீள வயர் உண்டு. முப்பது மீட்டர். ஓடி இழுத்தேன். போர்டில் மாட்டினேன். இரண்டாவது இழுப்பில் ஜெனரேட்டர் பிடித்தது. ஃபேன் சுற்றியது, ஒரே வேகத்தில். நெட் பெட்டியில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன, கடைசி விளக்கு மட்டும் எரியாமல் நின்றது. ஜெப்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தில் வியர்வை. அவளைப் பார்க்க முடியாமல் நான் வெளியே போனேன். லேப்டாப்பில் மணி அடிக்கிற சத்தம் கேட்டது. அடித்தது, அடித்தது, பிறகு அந்தக் கிணற்றுக் குரல், “ஜெப்சி?” என்றது.

ஆண்டவரே என்று ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தேன். அந்தக் குரலைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரே தடவைதான்.

அந்த ஆள் ஏதோ கேட்டான். ஜெப்சி பதில் சொன்னாள். அந்த நீளமான இங்கிலீஷுக்கு நடுவில் எனக்குப் புரிகிற மாதிரி ஒரு வார்த்தை வந்தது. “சத்தியராஜ்.”

பிரெண்டன் அதை மூன்று துண்டாக உடைத்துத் திருப்பிச் சொன்னான். ஜெப்சி இன்னொரு தடவை சரியாகச் சொல்லிக் கொடுத்தாள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தது. யாரும் “சாரி” கேட்கவில்லை. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

முடித்து வெளியே வந்தாள்.

“பாஸா?”

“பாஸ். கொஞ்சம் திருத்தம் உண்டு. செஞ்சு அனுப்பணும்.”

ஷிபு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். “டீச்சர், இனி டாக்டராக்கும்! கால் வலின்னா ஒங்ககிட்டத்தான் வருவேன்!”

அவன் போகிற வரைக்கும் காத்திருந்து கேட்டேன். “எனக்க பேரச் சொன்னியே?”

“சொன்னேன்.”

“என்னத்துக்கு?”

“கரண்டு எப்படிப் போச்சுன்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“எனக்க வீட்டுக்காரரு ஜெனரேட்டர மாத்துகாருன்னு சொன்னேன்.” பிறகு, “நெசமா எதுக்குப் பிடுங்கினீங்க?” என்றாள்.

“வோல்டேஜ் ஆடிச்சு.”

“அது மட்டுமா?”

வயரைச் சுருட்ட வேண்டியிருந்தது. முப்பது மீட்டர் அல்லவா, நேரம் எடுக்கும்.

அடுத்த வருடம் பட்டமும் வந்தது, அவள் எழுதினதைக் கறுப்பு அட்டை போட்ட புத்தகமாக பைண்டு பண்ணியும் வாங்கினாள். பள்ளிக்கூடத்தில் சம்பளம் கூடவில்லை. பழைய ஆறாம் வகுப்பு, பழைய நோட்டுத் திருத்தம். சனிக்கிழமை மத்தியானம் மட்டும் அந்தக் கிழவன் இன்னமும் வருகிறான், படிப்பு முடிந்த பிறகும். சும்மா பேசவாம். நான் இப்போதும் அடுத்த அறையில்தான் இருக்கிறேன்.

புத்தகம் வந்த அன்று ஜெப்சி பள்ளிக்குப் போனதும் அதை எடுத்து முதல் பக்கங்களைத் தேடினேன். நன்றி சொல்கிற பக்கம் ஒன்று இருக்கும் என்று ஞானதாசன் சொல்லியிருந்தார். எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியும். கல்யாண வீட்டு வாசலில் மாப்பிள்ளை, பெண் பெயர்களை சீரியல் லைட்டில் எழுதுகிறவன் நான், பெயர் என்றால் கூட்டி வாசித்துவிடுவேன். முதல் வரியில் பிரெண்டன். அது எதிர்பார்த்ததுதான். நடுவில் அஜிஷா. கடைசி வரியில் சத்தியராஜ். அவளே எழுதின என் பெயர். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது அதற்கு முன்னால் இன்னொரு பெயர் கண்ணில் பட்டது. ஷிபு.

சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

“கடைசி வரியில என்ன எழுதியிருக்கு?”

“வைவா அன்னைக்கு ஜெனரேட்டர் கொண்டு வந்தவங்களுக்கு நன்றின்னு எழுதியிருக்கு.”

“அவனும் நானும் ஒரே வரியிலயா?”

“ஒரே வேலதானே செஞ்சிய.”

“இருக்கட்டும். எனக்கு முன்னால அவன் பேரு எதுக்கு?”

ஜெப்சி பையை மேசையில் வைத்தாள். “வந்த வரிசையில போட்டேன். அவன் பன்னெண்டு மணிக்கு வந்தான். நீங்க ரெண்டே முக்காலுக்கு வந்தீங்க.”



இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தை விரித்து, என் பெயரைக் காட்டுகிறேன். காட்டும்போது என் பெருவிரல் அதற்கு முந்தின பெயரின் மேல் இருக்கும். ஜெப்சி பார்ப்பாள், வந்தவர்களுக்குச் சாயா போடப் போவாள். போன மாதம் ஷிபுவே ஒரு கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தான். அவனுக்கும் விரலை எடுக்காமல்தான் காட்டினேன்.